அசதி என்று நான் குறித்த மூச்சு

கொரோனா இரண்டாம் அலையின்போது திருத்தணிப் பக்கம் நான் சுகாதார ஆய்வாளர். சொந்த ஊர் திருநெல்வேலி. மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தோம். படிவத்தின் முதல் கட்டம் கதவு எண். திருவாலங்காடு தாண்டி ஒரு செங்கல் சூளை இருந்தது. தார்ப்பாய்க் குடிசைக்குக் கதவே கிடையாது, எண்ணுக்கு எங்கே போவது? ஆந்திராவின் சீக்காகுளத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே மண் குழைத்துக்கொண்டும், கல் அறுத்துக்கொண்டும், இருமிக்கொண்டும் இருந்தார்கள். எங்கள் வரைபடத்தில் அது வெறும் பொட்டல்.

ஜீப் டிரைவர் பாஷாதான் ஒருநாள் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். ஆந்திர எல்லையோரத் திருத்தணியிலேயே பிறந்து வளர்ந்தவர். "அங்கயும் மனுஷங்கதான் சார் இருமிக்கினு கிடக்கறாங்க."

வெயிலும் அனலும் ஒன்றாக வீசின. பாஷா ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிப் போய்விட்டார். அப்பலம்மா என்ற பெண் செங்கல் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா செய்யுது?"

"ஆயாசம், சார்."

அப்பாடா, எனக்குத் தெரிந்த சொல்! 'அசதி' கட்டத்தில் டிக் போட்டேன். அசதிக்குச் சத்து மாத்திரை, கபசுரக் குடிநீர். 'மூச்சுத்திணறல்' கட்டத்தில் டிக் விழுந்தால்தான் ஆக்சிமீட்டரும் ஆஸ்பத்திரியும். எங்களிடம் இருந்த ஒரே ஆக்சிமீட்டர், பேட்டரி தீர்ந்துவிடுமென்று, பையிலேயே கிடந்தது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. படிவங்களைப் புரட்டினேன். "அப்பலம்மா, அசதி. ஆயாசம்னு சொல்லிச்சு, பாவம். அழகான சொல் இல்ல?"

பாஷா சட்டென்று திரும்பினார். "தமிழ்ல சொன்னாங்களா, தெலுங்குலயா?"

"அந்தப் பிள்ளைக்குத் தமிழ் ஏது?"

"அய்யய்யோ! தெலுங்குல ஆயாசம்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம் சார்!"

கேட் திறக்கும்வரை நாங்கள் நிற்கவில்லை. வந்த வழியே ஜீப் பறந்தது. ஆயாசம், ஆயாசம் என்று சக்கரம் சொல்லிக்கொண்டே வந்தது. அதே நான்கு எழுத்துதான். நான் போட்ட டிக் மார்புக்குள் முள்ளாகக் கிடந்தது.

ஆக்சிமீட்டரை எடுத்து அப்பலம்மா விரலில் மாட்டினோம். எண்பத்து நான்கு. அவர் கணவர் ராமுலு கையைப் பிசைந்தார். "பயபடொத்து பாவா, பண்டி எக்கு" என்று, பயப்படாமல் வண்டியில் ஏறச் சொல்லி, பாஷா அவர் தோளைத் தட்டி இருவரையும் ஏற்றினார்.

ஆஸ்பத்திரி மேஜையில் இருந்தவர் ஆதாரைப் புரட்டிப் பார்த்தார். "ஆந்திரா அட்ரஸ் போட்டுகீது. இங்க இருக்கறவங்களுக்கே பெட் இல்ல. அவங்க ஊருக்கு இட்டுகினு போங்க."

முகவரிக் கட்டத்தில் என் குவார்ட்டர்ஸ் கதவு எண்ணை எழுதினேன்.

"சொந்தமா சார்?"

பாஷா முந்திக்கொண்டார். "ஆங், சாருக்குத் தங்கச்சிங்க."

"திருநெல்வேலி அண்ணனுக்குத் தெலுங்குத் தங்கச்சி!" என்று முனகியவர், ஏனோ சிரித்துவிட்டார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஆக்சிஜன் ஏறியது. அன்று சாயங்காலமே சூளைக்குத் திரும்பி ஒவ்வொரு விரலாக மாட்டிப் பார்த்தோம். வேறு யாருக்கும் குறையவில்லை. ஒன்பதாம் நாள் அப்பலம்மா நடந்தே வெளியில் வந்தார். "ஆயாசம் லேது சார்." அந்த வாக்கியம் எனக்கு எந்த மொழியிலும் புரிந்திருக்கும்.

படிவத்தில் 'மூச்சுத்திணறல்' பக்கத்தில் 'ஆயாசம், தெலுங்கு' என்று பேனாவால் எழுதினேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இன்றும் சொல்கிறேன்: புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிடுவீர்கள். புரிந்ததுபோல் இருக்கும் சொல்லையும் கேளுங்கள்.

பிறகு மலைக்கோயிலில் தடுப்பூசி முகாம். ஐஸ் பெட்டியுடன் படியேறினோம். பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். "பாஷா, ஆயாசமா இருக்கு."

"எந்த ஆயாசம் சார்?" என்றவர் பதிலுக்கு நிற்காமல் பெட்டியை இறக்கி, ஆக்சிமீட்டரை என் விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு.

"தமிழ்தான். எழுந்திரிங்க சார்."