மீன்குளத்துத் தண்ணீரில் ஒரு குமிழி

சென்னையில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறேன். எனக்கு வருவதெல்லாம் கேன் தண்ணீரும் போர்வெல்லும்தான். கூடப் படித்த வசந்திக்கோ கொல்கத்தாவில் குளம், ஆறு, கழிமுகம் எல்லாம். அவள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் ஜூலை லீவில் அங்கே போனேன்.

லேக் மார்க்கெட்டில் அவள் வீடு. விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினோம். பைபாஸைத் தாண்டி மீன்குளங்கள் இருக்கும் பக்கம் போக முக்கால் மணி நேரம். டிரைவர் வழியெல்லாம் அவளிடம் பெங்காலியில் ஊர்க்கதை பேசினார். என்னிடம் “ஹிந்தி?” என்று ஒரே கேள்வி, அவ்வளவுதான்.

குளத்துக்காரர் நிமாய்தா கரையிலேயே நின்றிருந்தார். டிரம்களில் மீன்குஞ்சு வந்து இறங்கியிருந்தது. ஆனால் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குஞ்சை விடலாமா, கூடாதா? வசந்திதான் தண்ணீரைச் சோதித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் உப்பு. மஞ்சளாக்கிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும்போதே நிறுத்த வேண்டும். எனக்கு எப்போதும் ஒரு சொட்டு தாண்டிவிடும். அவள் பேசிக்கொண்டே சரியாக நிறுத்தினாள். உப்பு பயப்படும்படி இல்லை.

அடுத்தது ஆக்ஸிஜன். பாட்டிலை நிரப்பி, மருந்து ஊற்றி, மூடிக் குலுக்கினாள். படிவு வெள்ளையாக நின்றால் ஆக்ஸிஜன் இல்லை, பழுப்பானால் இருக்கிறது. பழுப்பாக இறங்கியது. “பரவாயில்லை போலிருக்கே” என்றாள். நிமாய்தா டிரம்மில் கை வைத்துவிட்டார்.

மூடிக்குக் கீழே ஒரு காற்றுக் குமிழி. நான் பார்த்துவிட்டேன். ஒரு தடவையாவது இவள் தப்புப் பண்ணட்டுமே என்று மனசு சொன்னது. டிரம் சாயத் தொடங்கியது.

“வசந்தி, உள்ளே குமிழி இருக்குடி. அந்தக் காத்துதான் பழுப்பு காட்டுது.”

“அடடா! நல்லவேளை பாத்தே!” நிமாய்தாவைத் தடுத்து, என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். புதுப் பாட்டிலில் படிவு கிட்டத்தட்ட வெள்ளை. அவர் குஞ்சை விடவில்லை, தண்ணீரில் காற்றேற்றும் பம்பை ஓடவிட்டார். வெயில் ஏறியபோது மேலே திணறிய மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.

என் தப்பை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. திரும்பும் வழியெல்லாம் அவளுடைய அந்தச் சிரிப்பின் மேல்தான் பொறாமையாக இருந்தது.

போகிறவர்களுக்கு: வெயில் வருமுன் போங்கள், கையுறை வேண்டும். பாட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியே மூடுங்கள். ஆக்ஸிஜன் மருந்தைக் கரையிலேயே ஊற்றிவிடுங்கள். வீடு வரும்வரை அளவு நிற்காது. கெட்டிக்காரத் தோழி கூட வந்தால் ரொம்ப நல்லது. வயிற்றெரிச்சல் உங்கள் பாடு.