கொக்குகளோடு பேசுபவரின் மகள்

காலை ஒன்பது மணிக்குப் பதினாறு பேர் மரத்தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விடுகிறோம். இதற்குப் பெயர் பாடம். முதுகெலும்பு தரையோடு பேசுகிறதா என்று கேட்டபடி எங்கள் நடிப்பு ஆசிரியை ஃபியோனா வெறுங்காலோடு எங்களைச் சுற்றி வருவார். தேர்வாய் கண்டிகைப் பக்கம் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் தரையில் படுத்திருப்பவர் நைட் ஷிப்ட் முடித்து வந்தவராகத்தான் இருப்பார். அவரிடம் யாரும் முதுகெலும்பை விசாரிப்பதில்லை. நானோ விசா வாங்கி, ஸ்காட்லாந்து வரைக்கும் பறந்து வந்து, நாடகம் படிக்கிறேன் என்ற பெயரில் படுத்துக் கிடக்கிறேன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்று முதல் மூன்று மாதம் இதை வீட்டில் சொல்லவே இல்லை.

இரண்டாம் பருவத்தில் ஃபியோனா ஒரு பயிற்சி கொடுத்தார். உங்கள் உடம்பு மறக்காத ஓர் அசைவை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள் என்றார். இத்தாலிக்காரன் மாவு பிசைந்தான். போலந்துப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். அது எப்போது பக்கவாட்டில் ஆடும் என்று காத்திருந்தார்கள். எனக்குப் பரதம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நைனாவின் கைகள்தான்.

அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் அவர் கிரேன் சிக்னல்மேன். மேலே கூண்டில் இருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே பேசுவது எதுவும் கேட்காது, அதனால் எல்லாம் கைச்சைகை. விரலை மேலே காட்டிச் சுழற்றினால் லோடு ஏறும். கீழே காட்டிச் சுழற்றினால் இறங்கும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டால் எல்லாம் இருந்த இடத்தில் நிற்கும். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இதுதான் விளையாட்டு. நான் கிரேன், தலையணை லோடு. நைனா வேண்டுமென்றே கையைக் கோத்துக்கொண்டு நிற்பார். தலையணையைத் தூக்கிப் பிடித்த என் கை கடுக்கும். "லோடு தரையத் தொடாம சிக்னல்மேன் நகரக் கூடாது கண்ணு, பாரு, நானும் நிக்கறேன் இல்ல" என்பார்.

அதையே வகுப்பில் செய்து காட்டினேன். ஃபியோனாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"யார் கற்றுக்கொடுத்தது?"

"என் அப்பா. அவர் கிரேன்களுக்கு சிக்னல் காட்டுபவர்."

"கிரேன்கள் அவர் சொன்னதைக் கேட்குமா?"

"கேட்கும். கையை உயர்த்தினால் ஏறும், தாழ்த்தினால் இறங்கும்."

"பயமாக இருக்காதா அவருக்கு?"

"பழகிவிட்டது. தலைக்கு மேலே வரும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும்."

"அவற்றின் சிறகோசை எப்படி இருக்கும்?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் கொக்குக்கும் கிரேன் என்றுதான் பெயராம். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, ஆற்றங்கரையில், கப்பல் கட்டிய காலத்துக் கிரேன் ஒன்று ஊர்ச் சின்னமாக நிற்கிறது. அது அவர் நினைவுக்கு வரவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவளுக்குப் பறவை இருக்கலாம், கோயில் இருக்கலாம், இரும்பு எங்கிருந்து வரும்?

நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அந்த வகுப்பில் முதன்முறையாக என்னை மதிப்போடு பார்த்தார்கள், அதை இழக்க மனம் வரவில்லை. ஃபியோனா இணையத்தில் தேடிப் பழவேற்காடு ஏரியைக் கண்டுபிடித்தார். அங்கே பறவைகள் இருந்தன. அவ்வளவு போதுமாக இருந்தது. பருவ இறுதி நிகழ்ச்சிக் குறிப்பில் நான் "கொக்குகளோடு பேசும் பூசாரி மரபின் மகள்" ஆனேன். என் தாத்தாவைக் கோயில் வாசலில் நிறுத்தியவர்கள் இதைப் படித்திருந்தால் மூர்ச்சையாகியிருப்பார்கள்.

மத்தியானக் காட்சி. இணையத்திலும் ஓடியது. விரலைச் சுழற்றினேன், ஏற்றினேன், மெதுவாக ஏற்றினேன், கடைசியில் கைகளை நெஞ்சருகே கோத்தேன். விளக்கு அணைந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கோத்த கை நமஸ்தே என்று ஒரு மூதாட்டி எனக்கே விளக்கம் சொன்னார். வெளியே வந்ததும் நைனாவைக் கூப்பிட்டேன்.

"பாத்தேம்மா. ஷிப்ட்டு உட்டு வந்து, நம்ம ஆளுங்கோ நாலு பேரு டீக்கடையில செல்போன சாச்சி வெச்சிகினு பாத்தோம்."

"எப்பிடி இருந்துச்சி நைனா?"

"கை சுத்தமா கீது. கூட இருந்த பையன் அதுல வந்த இங்கிலீசு நோட்டீச படிச்சி சொன்னான். நான் கொக்குங்கோ கூட பேசறவன்னு போட்டுகீதாமே." டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அது போட்டா போட்டுகினு போவட்டும். லோடு இன்னாச்சி?"

"இன்னா லோடு?"

"மேல தூக்கின. தூக்கினே இருந்த. அப்பால கைய கோத்துகினு நிறுத்திட்ட. லைட்டு அணைஞ்சி போச்சி, நீ போய்ட்ட. அது மேலயே நிக்குதே. அத்தினி சனம் அதுக்கு கீழதானம்மா குந்திகினு இருந்தாங்கோ?"

எனக்கு அழுகை வந்தது. கொக்கு மேய்ப்பவனாக ஆக்கியதைக்கூட அவர் விட்டுவிட்டார், லோடை விடவில்லை.

மறுநாள் காட்சியில் விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விரலைக் கீழே காட்டி நிதானமாக இறக்கினேன். பறவை கூடு திரும்பியது அற்புதம் என்றார் ஃபியோனா. நான் வகுப்பு ஜன்னலைக் காட்டினேன். "பறவை இல்லை. அது. என் அப்பா இரும்பு ஆலைத் தொழிலாளி." ஃபியோனா அந்தக் கிரேனை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "குறிப்பு அப்படியே இருக்கட்டுமே, அச்சாகிவிட்டது" என்றார்.

அன்று ஆற்றங்கரை வழியாகத்தான் அறைக்கு நடந்தேன். கிரேனின் கூண்டில் ஆள் இல்லை. இல்லாத ஆபரேட்டரைப் பார்த்து விரலைக் கீழே காட்டிச் சுழற்றினேன். மழை பிடித்துக்கொண்டது. மேலே தொங்குவது நான்தான் என்று தெரிந்தது, எந்தத் தரையில் இறக்கச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு நின்றேன்.