மூன்றாவது விசிலுக்கு எழும் கொடி: புனேயில் ஒரு சனி, ஞாயிறு

இந்த மே மாத விடுமுறைக்கு நாங்கள் எந்த மலைக்கும் போகவில்லை, எந்தக் கடற்கரைக்கும் போகவில்லை. கோவையில் ரயிலேறி, ஒரு பகல், ஓர் இரவு, மறுபடியும் ஓர் அரைப் பகல் உட்கார்ந்து, புனேயில் போய்க் குக்கர் விசில் எண்ணிவிட்டு வந்தோம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் போய்வந்த பயணங்களில் இவ்வளவு குஷியாகத் திரும்பியது இதிலிருந்துதான்.

காரணம் என் மகள் கயல். பதினொரு வயது. போன வருடப் பிறந்தநாளுக்கு ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தோம். குட்டி குட்டி பல்பு, மோட்டார், ஒயர், கூடவே வழவழப்பான தாளில் ஒரு செய்முறைப் புத்தகம். சிவப்பு ஒயரை இங்கே செருகு, கறுப்பு ஒயரை அங்கே செருகு என்று படம் போட்டுச் சொல்லும். பார்த்துப் பார்த்து அத்தனையும் செய்து முடித்தாள். முடித்த கையோடு பெட்டியை மூடிவிட்டாள்.

"புக்க பாத்து யாரு வேணாலும் செய்வாங்கம்மா. நானா ஒண்ணு செய்யோணும்னா எனக்கு வராது. இத வித்துருங்க" என்றாள்.

அந்த 'வராது' எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த நேரம் பார்த்துப் புனேயிலிருந்து என் தங்கை சுதா பேசினாள். அவள் மகள் ரியா, கயலைவிட ஒரு வயது சின்னவள், ஒரு வாரக்கடைசிப் பயிலரங்குக்குப் போகிறாளாம். புத்தகமும் கிடையாது, பெட்டியும் கிடையாது. வீட்டில் ஒரு ஆளுக்கு இருக்கிற நிஜமான தொல்லையைக் கேட்டு, அதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும். இருவர் சேர்ந்து ஒரு குழு. ரியாவுக்கு ஜோடி இல்லை. நான் கயலிடம் பேரம் பேசினேன்: இதற்கு வா, திரும்பி வந்தும் பிடிக்கவில்லை என்றால் பெட்டியை நானே விற்றுவிடுகிறேன்.

புனே வழியாக மும்பை குர்லாவுக்குப் போகும் ரயிலில் போனோம். மே மாதத்தில் சோலாப்பூர் பக்கம் வெயில் ஜன்னல் வழியாக வந்து அடிக்கும், அதனால் ஏசி பெட்டியில் போங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். புனே ஸ்டேஷனிலிருந்து சுதா வீடு இருக்கும் வாக்கட் பதினேழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூற்றெண்பது ரூபாய் ஆனது. ஆட்டோக்காரரை இங்கே 'தாதா' என்று கூப்பிட வேண்டும். அண்ணன் என்று பொருள், பயப்படாதீர்கள். எங்கள் தாதாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் வாக்கட் சீக்கிரம் போக வழி உண்டா என்று கேட்டேன்.

"சாயங்காலம் ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனி கார்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டால் கடவுளே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். இப்போது மதியம், நீங்கள் அதிர்ஷ்டசாலி" என்றார்.

சுதாவுக்கு வேலையும் அந்த ஹிஞ்சேவாடியில்தான், ஆனால் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை மாலையே கயலும் ரியாவும் அவளைப் பிடித்து உட்கார வைத்து, உனக்கு என்ன தொல்லை என்று கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"என்ற தொல்ல குக்கர்தான் கண்ணு. காதுல ஹெட்ஃபோன மாட்டிட்டு மீட்டிங்ல உக்காந்திருப்பேன். எத்தன விசில் வந்துச்சுன்னே தெரியாது. ஒரு நாளைக்குப் பருப்பு கரியாயிரும், ஒரு நாளைக்கு அரிசி அரிசியாவே கெடக்கும்."

ரியாவுக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும், நடுநடுவே இந்தி வந்து விழும், ஆனால் யோசனை தடுக்காது. "அம்மா, நாங்க... க்யா கெஹ்தே... கவுன்ட் பண்ற மிஷின் செய்யலாம்!" என்று குதித்தாள்.

பயிலரங்கு கோத்ரூட் பக்கம், ஒரு பழைய பங்களாவின் மாடியில். வாக்கட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் பிள்ளை ஒன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. நடத்துகிறவர் கேத்கி என்ற மராத்திப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எல்லோரும் 'தாயி' என்கிறார்கள், அக்கா என்பது போல. பெற்றோருக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: செருப்பு விடும் இடத்தைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பெஞ்சு போட்டிருந்தார், நன்றி. ஆனால் எதிரே இருபது ஜோடிச் செருப்பு, அதற்கு அப்பால் என் பெண் ஒயரைத் தப்பாகச் செருகுவது எனக்குத் தெரிகிறது. கை நமநமவென்று இருந்தது. பக்கத்தில் ஒரு மராத்தி அப்பா, "பச்சை ஒயர், பச்சை ஒயர்" என்று தன் பையனுக்குக் கிசுகிசுத்து, கேத்கியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் உடனே வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் கருவி தயார்! ஒரு சின்ன மைக், எண்ணிக்கை வைக்க விரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு குட்டி மோட்டார். மைக் சமையலறையில் இருக்கும். மோட்டார், நீள ஒயரோடு, சுதாவின் மேசையில். மூன்றாவது விசில் கேட்டதும் மோட்டார் திரும்பி, லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புக் காகிதக் கொடியைத் தூக்கும். காதில் என்ன மாட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அல்லவா? கைபேசியில் பதிவு செய்த விசிலை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, எழுந்தது கொடி. நான் செருப்புகளுக்கு நடுவே நின்று விசிலடித்தேன். அதையும் கருவி நாலாவது விசிலாக எண்ணியதா என்று கேட்காதீர்கள்.

அன்று மாலையே சுதா வீட்டில் வெள்ளோட்டம். ஏழரை மணிக்கு அரிசியை ஏற்றினோம். சுதா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவது வருவதற்கு முன்பே கொடி எழுந்து நின்றது. சுதா நம்பி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். திறந்து பார்த்தால் பாதி வெந்த அரிசி.

என்ன நடந்தது என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த அடுக்குமாடியில் எல்லாச் சமையலறை ஜன்னலும் ஒரே குறுகிய சந்துப் பக்கம்தான் திறக்கின்றன. ஏழரை மணிக்கு மாடிக்கு மாடி குக்கர் கூவுகிறது. எங்கள் மைக், மேல்வீட்டு ராஜ்மாவையும் கீழ்வீட்டுப் பருப்பையும் சேர்த்து எண்ணிவிட்டது! எனக்கும் சுதாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கயல் சிரிக்கவில்லை. ஒயர்களைப் பிடுங்கி ஒரு பையில் போட்டாள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்லம்மா. எனக்கு வராது" என்றாள். நாளைக்கு வரவில்லை என்றும் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு விசிலை எப்படி ஒதுக்குவது என்று கைபேசியில் தேடக்கூட ஆரம்பித்தேன். கண்டுபிடித்துச் சொன்னால் இன்னொரு செய்முறைப் புத்தகமாக நான் ஆகிவிடுவேனே என்று மூடி வைத்தேன். அவளைக் கிளப்பியது ரியாதான். "அக்கா வரலன்னா நான் அகேலி... தனியா என்ன பண்ணுவேன்?" என்று காலையில் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு வழக்கம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. முதல் வேலையே, நேற்று வீட்டில் என்ன கெட்டுப்போனது என்று ஒவ்வொரு குழுவும் எழுந்து சொல்ல வேண்டும். நன்றாகக் கெட்டிருந்தால் கைதட்டல். எதுவும் கெடவில்லை என்று சொன்ன குழுவைப் பார்த்துக் கேத்கி, "அப்படியானால் நீங்கள் சரியாகச் சோதிக்கவில்லை" என்றார். கைதட்டலும் இல்லை. ரியா மராத்தியில் எங்கள் ராஜ்மாக் கதையை அபிநயத்தோடு சொன்னாள். கூடமே அதிர்ந்தது. அன்றைய மிகப் பெரிய கைதட்டல் எங்கள் வேகாத அரிசிக்குத்தான்! கயல் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள், ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டதைப் பார்த்தேன்.

என் பெஞ்சிலிருந்தே தெரிந்த பங்களா சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்குக் குக்கர் ஏறியிருந்தது. கயலும் ரியாவும் அதன் வாசலிலேயே தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குக்கர் விசிலடித்தது. அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய காலண்டரின் தாள் படபடத்தது. அடுத்த விசிலுக்கும் படபடத்தது. கயல் துள்ளி எழுந்தாள்.

"ரியா! சத்தம் எல்லார் வீட்ல இருந்தும் வரும். ஆவி நம்ம குக்கர்ல இருந்துதான வரும்!"

அதன் பிறகு என்னைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மைக்கைக் கழற்றினார்கள். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளில் ஒரு துண்டு வெட்டி, ஆவி பட்டால் எழும்பி மேலே உள்ள இன்னொரு துண்டைத் தொடும்படி ஓர் அட்டையில் கட்டினார்கள். தொட்டால் ஓர் எண்ணிக்கை. அடுப்புப் பக்கம் பொருத்தியது கேத்கி மட்டும்தான். ஒரு விசில் வந்தது. போர்டு ஏழு என்று எண்ணியது! ஒரே ஆவியில் தாள் ஏழு முறை அடித்துக்கொள்கிறது. நேற்று அழாத குறையாக இருந்தவள் இன்று தரையில் உருண்டு சிரித்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஒண்ணு எண்ணுனா, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோ" என்று போர்டிடம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு அதன் நிரலில் ஒரு வரியைச் சேர்த்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பச்சை ஒயர் அப்பா எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மாலை ஏழரை, மறுபடி சுதா வீடு. வேண்டுமென்றே அதே நேரத்துக்கு ஏற்றினோம். கீழ்வீடு விசிலடித்தது, கொடி அசையவில்லை. மேல்வீடு அடித்தது, அசையவில்லை. நம் குக்கர் ஒன்று. எதிர்வீடு இரண்டு. நம் குக்கர் இரண்டு. நம் குக்கர் மூன்று. லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொடி எழுந்தது! ரியா வீடு முழுக்க ஓடினாள். சுதா அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியதும் திறந்து, "பூவாட்டம் வெந்திருக்குது!" என்றாள். இத்தனை பாடுபட்ட சாதத்தை யாரும் கவனித்துச் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

போக நினைப்பவர்களுக்கு: இதுபோன்ற பயிலரங்குகள் புனேயில் விடுமுறை நாட்களில் நிறைய நடக்கின்றன. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பொருளைத்தான் செய்வார்களா என்று. ஆமாம் என்றால் வேண்டாம். இந்தி வராத பிள்ளை தவித்துப்போகுமோ என்ற பயமும் வேண்டாம், ஒயரைக் கையில் எடுத்தால் சைகையே போதும். வாக்கட்டில் தங்கினால் கோத்ரூட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மே மாதம் என்றால் ஆம்ரஸ் பூரி சாப்பிடாமல் திரும்பாதீர்கள், மாம்பழக் கூழில் பூரியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். வீட்டில் குக்கர் சோதனை செய்தால் கருவிக்குப் பேட்டரி மட்டும் போதும், சுவர் பிளக்கில் செருக வேண்டாம், அடுப்பருகே பெரியவர்கள் கைதான் போக வேண்டும். மற்ற இடத்திலெல்லாம் உங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அதுதான் இந்தப் பயணத்திலேயே கஷ்டமான பகுதி.

கோவை வந்து இறங்கிய மறுநாள், பேச்சு மாறக்கூடாதே என்று, பெட்டியை விற்றுவிடட்டுமா என்று கயலிடம் கேட்டேன். அவள் பெட்டியைத் திறந்து மோட்டார், பல்பு, ஒயர் எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். அடியில் கிடந்த வழவழப்பான செய்முறைப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இத மட்டும் எடைக்குப் போட்டுருங்கம்மா" என்றாள்.