பாரின் சட்டையின் கோணல் பாக்கெட்

போன வாரம் சலீம் பாய், தன் அண்ணன் துபாயிலிருந்து டேப் ரெக்கார்டரோடு கொண்டுவந்த கட்டம்போட்ட பாரின் சட்டையை ஒரு கட்டத் துணியோடு என் தையல் கடையில் கொடுத்து, அதைத் தடவிக்கொண்டே, "அச்சு அசல் இதே மாதிரி தச்சுக் குடுங்க மாஸ்டர்" என்றார்.

திண்டிவனத்தில் நான் தைத்த சட்டையை ஒருவரும் அப்படித் தடவிப் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. உற்றுப் பார்த்தேன். பாக்கெட்டின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு சேரவில்லை. பரம திருப்தி! புதுச் சட்டையில் நான் சேர்த்தே தைத்தேன்.

இன்று பாய் முகம் சுளித்தார். "இன்னா மாஸ்டர், கட்டம் ஒண்ணா சேர்ந்துக்கினு இருக்குது? பாக்கிறவன் லோக்கல்னு சொல்லிடுவான். ஜல்தியா மாத்திக் குடுங்க."

பிரித்தேன். இருபது வருஷத்தில் முதல்முறையாகக் கோணலாகத் தைத்தேன்.

பாய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அவங்க கோணல் மாதிரி வரலீங்களே."

கோணலாகத் தைக்கக் கற்றுத்தருபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.