காலியாக வந்த டிரைவர் சீட்

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் இறந்துபோனார். வாடிப்பட்டித் தோட்டத்தில் இஞ்சின் பழுதாகி நின்ற அவருடைய ஜீப்பைத் திருநகர் வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தேன். கொழுந்தன் வடக்கயிறோடு வந்துவிட்டார்.

"லாரியில கட்டி இழுப்போம் மதினி. ஸ்டியரிங், பிரேக் பாத்துக்கிட்டு நான் உக்காந்து வாரேன். அப்பறம் வண்டி எங்கிட்டயே நிக்கட்டும். ஒங்களுக்கு எதுக்கு ஜீப்பு?"

கயிறு கட்டினால் ஜீப்பில் ஓர் ஆள் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தவர் இறங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நேரே பட்டறைக்குப் போனேன். இழுவைக் கம்பியில் இரண்டு தினுசு இருந்தது: ஒற்றைக் கம்பி, கவட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரிந்த கம்பி.

"அண்ணே, எதைப் போட்டா ஜீப்புல ஆள் உக்கார வேணாம்?"

"ரெட்டைக் காலுதாம்மா. லாரி திரும்புனா ஜீப்புச் சக்கரமும் தானா திரும்பும், லாரி நின்னா ஜீப்பும் நிக்கும், அம்புட்டுத்தான்."

அதையே வாங்கிவந்து தோட்டத்தில் ஜீப்புக்கும் லாரிக்கும் நடுவே மாட்டச் சொன்னேன். கொழுந்தன் முகம் சுண்டிப்போனது.

"அப்ப ஜீப்புல யாரு?"

"யாருமில்ல தம்பி. நீங்க லாரியில ஏறுங்க."

வழியெல்லாம் அந்தச் சீட் காலியாகவே வந்தது. வாசலில் கம்பியைக் கழற்றியதும் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதே மதினி!"

"நீங்க மட்டும் பொறக்கும்போதே ஓட்டிக்கிட்டா வந்தீக?"

அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. அதன் பிறகு அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்காரவில்லை.