மாப்பிள்ளை வண்டியை நிறுத்திய வட்டு

ரயிலை ஓட்டுவது என்ஜின் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். ரயிலை ஓட்டுவது ஒரு பித்தளை வட்டு! செரண்டா என்ற ஊருக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். ஒற்றைத் தண்டவாளம். எங்களிடம் வட்டுகளைப் பூட்டிவைக்கும் ஒரு பெட்டி, அடுத்த ஸ்டேஷனில் அதன் ஜோடி, நடுவே மின்கம்பி. ஒரு வட்டு வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்பப் போடும்வரை இரண்டு பெட்டியும் இன்னொன்றைத் தராது. வட்டு கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டார். எதிரெதிர் வண்டிகள் மோதாமல் இருந்தது அந்தப் பிடிவாதத்தால்தான்.

அன்று அப்பாவின் தங்கை, என் மாமிக்குக் கலியாணம். மாப்பிள்ளை தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி. மாமி அவருக்கு இரண்டாம் தாரம். சம்பளம் பெரிது என்பதால் அவருடைய நரைத்த மீசை எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாற்றாள் வராததால் அப்பா பட்டு வேட்டிக்கு மேல் ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். காலை வண்டி கொண்டுவந்த வட்டை மேசையில் வைத்தார். மாமி வழக்கம்போல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வாழைமரம் கட்ட யாரோ அப்பாவைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் வட்டைக் காணோம்!

ஐயோ, அந்த அமளி! மாப்பிள்ளையின் வண்டி அடுத்த ஸ்டேஷனில் அசையாமல் நிற்கிறது.

"நல்ல நேரம் போகுது அத்தான்! முகூர்த்தம் தப்பினால் அவையள் திரும்பிப் போயிடுவினம். தந்தி அடிச்சு வண்டியை விடச் சொல்லுங்கோவன்!" என்று அம்மாவின் தம்பி குதித்தார்.

"ஆண்டவன் வந்து சொன்னாலும் வட்டில்லாமல் விடமாட்டன்," என்றார் அப்பா. மேளக்காரர்கள்கூடத் தங்கள் பைகளை உதறிக் காட்டினார்கள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். சாமியறையில் நிறைகுடத்தின் அருகே மாமி கூறைச்சேலையோடு தனியாக இருந்தார். குடத்தின் கீழே பரப்பியிருந்த நெல்லுக்குள் ஏதோ மின்னியது. கையை விட்டேன்.

"உதைத் தொடாதை பிள்ளை," என்றார் மாமி மெதுவாக.

எனக்கா காது கேட்கும்! "கண்டுபிடிச்சிட்டன்!" என்று கத்திக்கொண்டு பறந்தேன். அப்பா வட்டைப் பெட்டிக்குள் போட்டார், மணி அடித்தது, கைகாட்டி இறங்கியது, புகை கக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்தே விட்டார்! தாய்மாமன் என்னைத் தோளில் தூக்கிக் கூத்தாடினார். கலியாணத்தைக் காப்பாற்றியவள் நான்தான் என்று ஊரே சொன்னது.

வட்டு நெல்லுக்குள் எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாலி ஏறும்போது மாமி என்னையே பார்த்து அழுதார். "கலியாணப் பொம்பிளை எண்டால் அழத்தானே செய்யும்," என்றார்கள் பெண்கள். நான் வட்டைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து, அவரைப் பார்த்துச் சிரித்தேன்.