முன்னால் அப்பு, பின்னால் குப்பு

ஈர நாயின் வாடையும் வேப்பெண்ணெய் வாடையும் கலந்து எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். அந்த வாடைக்குச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டு நாய்கள் அப்புவும் குப்புவும். ஒரே ஈற்றில் பிறந்த செவலை நாட்டு நாய்கள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, மடங்கிய இடது காது, சுருட்டிய வால் எல்லாம் இரண்டுக்கும் அப்படியே ஒன்றாக இருக்கும்.

பாகூர்ப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே தனியாக இருந்தது எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது, செல்வி அக்காவுக்குப் பதின்மூன்று. ஒருநாள் சோறு தின்னும்போது அப்பா, ஒரு வீட்டுக்கு ஒரு நாய் போதும் என்று சொல்லிவிட்டார். மடுகரையில் கரும்பு போட்டிருந்த சித்தப்பாவுக்குப் பன்றி விரட்ட நாய் வேண்டுமாம். "ஞாயித்துக்கெழம வந்து ஒண்ண இட்டுகினு போடா" என்று அவருக்குப் போனிலும் சொல்லியாகிவிட்டது. நாங்கள் அழுதோம், சாப்பிட மாட்டோம் என்று படுத்துக்கொண்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானத்தில் நாய்க் கண்காட்சி. அதில் "ஜோடிப் போட்டி" என்று ஒன்று உண்டு. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நாய்களை ஒருவரே கயிறு பிடித்து, அவை பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்படி மைதானத்தைச் சுற்றி வரவேண்டும். அக்கா அந்த நோட்டீசை அப்பாவிடம் நீட்டினாள்.

"ஜோடியா பரிசு வாங்கினா ரெண்டையும் நாமளே வச்சிக்கலாமாப்பா?"

அப்பா நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்ல வாங்கு, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அதன்பிறகு நான்கு நாள் எங்களுக்கு வேறு வேலையே இல்லை. மோட்டார் கொட்டகையில் குளிப்பாட்டினோம், உண்ணி பொறுக்கினோம், வேப்பெண்ணெய் தடவினோம், அம்மாவின் சீப்பை எடுத்து முடி வாரினோம். "எவடி அது, என் சீப்புல நாய்க்குத் தல வாரினது?" என்று அம்மா விளக்குமாற்றோடு துரத்தினாள். நடக்கப் பழக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு அக்கா, "நடக்கறதுக்கு இன்னாடா பழக்கறது? தெனமும் நடக்குதுங்களே" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மைதானத்தில் மூன்று ஜோடிகள்தான், பரிசு இரண்டு. டவுனிலிருந்து வந்த கறுப்பு ஜோடியும் வெள்ளைச் சடை ஜோடியும் ஒட்டியபடி அழகாக நடந்து முடித்தன. எங்கள் முறை வந்தது. அக்கா இரண்டு கயிற்றையும் பிடித்து நடந்தாள். அப்பு முன்னால் போனது. குப்பு அதன் வாலுக்கு மூக்கை வைத்ததுபோல் பின்னால் போனது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்கு வழியே ஓர் அடி அகல வரப்புதான். அந்த வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நாங்களும் நடப்போம், நாய்களும் நடக்கும். பக்கத்தில் பக்கத்தில் நடப்பதென்பது அவை பிறந்ததிலிருந்து அறியாத சங்கதி.

"இன்னாம்மா, ரயிலு ஓட்டிகினு வர்றியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "எது இன்ஜின், எது பொட்டி?" என்றார் இன்னொருவர். அக்கா குப்புவை இழுத்துப் பக்கத்தில் விட்டாள். நான்கு அடி நடந்து மறுபடி பின்னால் போய்விட்டது. அப்புவைப் பின்னுக்கு இழுத்தால், அது முன்னால் போகட்டும் என்று குப்பு மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. நடுவராக வந்திருந்த கால்நடை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, சிரித்ததில் நீர் வந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே அச்சுதான் பாப்பா. ஆனா ஜோடியா நடக்கலியே" என்றார்.

பரிசு போயிற்று. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் சித்தப்பா. நேராக மைதானத்துக்கே வந்து அப்பாவோடு நின்றிருந்தார். "பின்னால வர்றவன் சொன்னபடி கேப்பான், அவனக் குடு" என்று குப்புவின் கயிற்றை வாங்கி இழுத்தார். குப்பு படுத்துவிட்டது. "சரி, இன்ஜினையே இட்டுகினு போறன்" என்று அப்புவை நடத்தினார். நான்கு அடி போன அப்பு திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. கயிற்றோடு சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்து குப்புவுக்கு முன்னால் நின்றது. உடனே குப்பு எழுந்துகொண்டது. மூன்று முறை இப்படி ஆனதும் சித்தப்பாவுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"அண்ணே, எனக்கு வாணாம். பன்னி வந்தா இதுங்க வரிசையில நின்னு வழி வுடும். ரெண்டையும் நீயே வச்சிக்க."

அப்பா சிரிப்பை மறைக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "சரி சரி, வூட்டுக்கு நடங்க" என்றார். அப்பா, அக்கா, நான், அப்பு, குப்பு என்று வரப்பில் வரிசையாக வீடு வந்தோம்.

இப்போது அந்த வரப்பு இல்லை. வயலை மனை போட்டு, வாசல் வரைக்கும் தார் ரோடு வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. மழைக்காலத்தில் அந்த வரப்பிலிருந்து சேற்றில் விழுந்தவர்களுக்குத்தான் ரோட்டின் அருமை தெரியும். அப்புவும் குப்புவும் கிழங்களாகும்வரை எங்களோடுதான் இருந்தன.

நான் அரியாங்குப்பத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரு நாய்க்குட்டி வாங்கித் தாருங்கள் என்று என் பிள்ளைகள் ஒரு வருடமாக நச்சரிக்கிறார்கள். நாயே கூடாது என்கிறார் வீட்டுக்காரர். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளே, ஒன்று மட்டும் வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். வாங்கினால் இரண்டு.